திண்டிவனம் பஸ் நிலையத்தில் ரோஸி காணாமல் போன நாள்

ஒரு தாய் நம்பி அனுப்பிய பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். போன வருஷம் ஆவணி மாதம், மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், திண்டிவனம் பஸ் நிலையத்தில் தொலைத்தேன். அன்று மதியம் வரைக்கும் நான் பட்ட பாட்டையும், மாதாவின் பரிந்துரையால் ஆண்டவர் எங்களுக்குச் செய்த உதவியையும் உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சில இடங்களில் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்கு எனக்குத்தான் வரவில்லை.

என் பெயர் சகாயராஜ். திண்டிவனத்தில் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறேன். எங்கள் மாதா கோயில் பங்கின் இளைஞர் குழுவுக்குத் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு நாற்காலி போடுவேன், முடிந்ததும் அடுக்கி வைப்பேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பங்கு முழுக்கப் பெயர் உண்டு. பூசையில் மன்றாட்டு சொல்ல என்னைக் கூப்பிட்டால் லேசில் இறங்க மாட்டேன். உலக சமாதானத்தில் தொடங்கி, மழை, பயிர், ஆட்சியாளர்கள், தேர்வு எழுதும் மாணவர்கள் என்று போய்க்கொண்டே இருப்பேன். ஃபாதர் பீடத்திலிருந்து இரண்டு முறை இருமினால்தான் ஆமென் வரும்.

எங்கள் குழுவுக்குள் திருவிழா ஸ்பீக்கர் செட் விஷயமாக ஒரு சண்டை வந்தது. சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. ஃபாதர் எங்களை வரிசையாக நிறுத்தி, "சண்ட போடறதுக்கு இவ்ளோ தெம்பு இருக்குதே, அத நாலு புள்ளைங்களுக்குப் பிரயோஜனமாச் செலவு பண்ணுங்க" என்று சொல்லி விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே சிஸ்டர்கள் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்துகிறார்கள். சனிக்கிழமைதோறும் போய் அவர்களுக்கு உதவ வேண்டும் என்பது உத்தரவு.

ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு முதல் நாள் போனோம். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக, எங்கள் குழுவில் நர்சிங் படிக்கும் டெல்பின் ஓர் ஆக்‌ஷன் பாட்டுத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அந்தப் பாட்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் கை தப்பாகப் போகும்போதெல்லாம் அவர்கள்தான் பிடித்துத் திருத்தினார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பிள்ளை என் கால்விரல் மேல் ஏற்றிவிட்டு, வழியில் நின்றதற்காக என்னைக் கோபித்துக்கொண்டது.

அப்போதுதான் ரோஸி வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. பேச்சு கொஞ்சம் நின்று நின்று வரும். ஆனால் குரல் கோயில் மணி மாதிரி.

"பேரு இன்னா?"

"சகாயராஜ்."

"சகா. சட்டைய உள்ள உடு. ஒக்காரு."

உட்கார்ந்தேன். டி-ஷர்ட்டையும் உள்ளே விட்டேன். எங்கள் குழுவுக்கு உண்மையில் யார் தலைவர் என்பது அன்றோடு முடிவாகிவிட்டது.

ரோஸியின் அம்மா செல்வி அக்கா, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர். கணவர் இல்லை. வேலை இல்லாத நாளில் பஸ் பிடித்து வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். மாதா திருவிழாவுக்காகப் பிள்ளைகளைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்து, பூசை பார்க்க வைத்து, பிரியாணி போட்டு அனுப்புவதாக நாங்கள் திட்டம் போட்டபோது அவரிடமும் சம்மதம் கேட்டோம். அவர் தயங்கினார்.

"தம்பி, அவ எங்கியும் போனதில்லீங்க. பஸ்ஸு, கும்பலு, ஒண்ணும் தெரியாது."

"நீங்க கவலையே படாதீங்கக்கா. என் கண்ணுலயே வச்சிக்கினு இருப்பேன்."

இப்படிச் சொன்ன வாய் இது.

அந்த ஞாயிறு காலை விழுப்புரத்தில் அரசு பஸ் ஏறினோம். பொறுப்பாக வந்தவர் சிஸ்டர் பவுலின். எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் பெயரும் போன் நம்பரும் போட்ட அடையாள அட்டையைத் தன் கையாலேயே மாட்டினார். ரோஸி பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, ஜன்னலோரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கினால் திருவிழாவே அங்கேதான் நடப்பது போல இருந்தது. ஒரு பக்கம் காவி கட்டிய வேளாங்கண்ணிப் பாதயாத்திரைக் கூட்டம். மறு பக்கம் ஆவணி முகூர்த்தம் என்பதால் பட்டுச் சேலைகள். நாங்கள் சக்கர நாற்காலிகளை இறக்கினோம், பிள்ளைகளை இறக்கினோம், பைகளை இறக்கினோம். பிரியாணி மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் போதாதாம். நான் பேசி முடித்துத் திரும்பினேன்.

டெல்பின் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அண்ணா, ரோஸி எங்க?"

"இங்கதான் இருந்தா."

"இங்க இல்லியே."

கடை கடையாக ஓடினேன். கழிப்பறைப் பக்கம் டெல்பின் ஓடினாள். நின்ற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். எங்கும் அவள் இல்லை. வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தவனிடம், பதற்றத்தை மறைத்துக்கொண்டு, "பயப்படாத. கழுத்துல கார்டு இருக்கு. யாராவது பாத்தா போன் பண்ணிடுவாங்க" என்றார் சிஸ்டர் பவுலின்.

டெல்பின் என்னையே பார்த்தாள். "அண்ணா, ஒங்க கழுத்துல இன்னா அது?"

குனிந்து பார்த்தேன். ரோஸியின் அட்டை. சிரித்த முகமாக அவள் போட்டோ.

பஸ்ஸில் வரும்போது, "ஒனக்குக் கார்டு இல்ல. நீ தொலஞ்சி பூடுவ" என்று சொல்லி, தன் அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டியிருந்தாள். இறங்கும்போது திருப்பி மாட்டிவிடலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தப் பஸ் நிலையத்தில் தொலைந்து போனால் பத்திரமாக வீடு சேரக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

போலீஸில் சொன்னோம். நேரக் காப்பாளர் அறையில் மைக் இருந்தது. அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். "பேரு சொல்லுப்பா, இன்னா கலர் துணி?" என்றார். காலையெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன் நான். நிறம் ஞாபகம் வரவில்லை. பச்சை என்று டெல்பின்தான் சொன்னாள். "ரோஸி, ரோஸி, எங்கிருந்தாலும் நேரக் காப்பாளர் அறைக்கு வரவும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ரோஸி வந்தார். காவிச் சேலை கட்டி, காலில் துணி சுற்றி, ஐம்பது வயதில் ஒரு ரோஸி. "இன்னாப்பா, நம்மளயா கூப்ட்ட? எங்க செட்டு ஆளுங்க கௌம்பிட்டாங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். பாதயாத்திரைக் கூட்டத்தில் வந்தவர். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ரோஸி அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "அழுவாத. புள்ள கெடைக்காம நாங்க நடக்க மாட்டோம்" என்று தன் கூட்டத்தையே நிறுத்திவிட்டார்.

மற்றப் பிள்ளைகளை எங்கள் குழுவினர் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். பூசை மணி தூரத்தில் கேட்டது. பூசை முடிந்த மணியும் கேட்டது. ரயில் நிலையம் வரை தேடிவிட்டு வந்தோம். போலீஸ்காரர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குள் வரக்கூடாத நினைப்பெல்லாம் வந்தது. இந்தப் பக்கம் பெரிய சாலை. லாரிகள் எந்த வேகத்தில் போகும் என்று உங்களுக்கே தெரியும். கெட்ட மனிதர்களும் இருக்கிறார்கள். அவளுக்கோ எல்லாரும் நல்லவர்கள்.

சிஸ்டர் பவுலின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சகாயம், அவ அம்மாவுக்குச் சொல்லணும். இனிமேலும் சொல்லாம இருக்கக் கூடாது. நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம் குடுங்க."

நேரக் காப்பாளர் அறைக்குப் பின்னால் போய் நின்றேன். செபிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உலக சமாதானம் வரவில்லை. மழையும் வரவில்லை, ஆட்சியாளர்களும் வரவில்லை. நான் வருஷக்கணக்காக மைக்கில் சொன்ன ஒரு வாக்கியம்கூட வரவில்லை. "மாதாவே, பேஜாராப் பூடுச்சி. புள்ளயக் குடுத்துடு" என்று மட்டும் வந்தது. அதையே சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ரோஸி அக்காவும் அவர் கூட்டமும், வாழைப்பழத் தோலையும் பஸ் புகையையும் பார்க்காமல், என் பின்னால் தரையில் மண்டியிட்டிருந்தார்கள். நானும் மண்டியிட்டேன்.

போனை எடுத்துச் செல்வி அக்காவின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஃபாதர்.

"சகாயம், ரோஸி பந்தியில இருக்காளாம்."

"எந்தப் பந்தி ஃபாதர்? நம்ம பந்தி இன்னும் போடவே இல்லியே."

"விழுப்புரத்துல."

"விழுப்புரத்துலேர்ந்துதான ஃபாதர் கூட்டிக்கினு வந்தோம்?"

"அதான் எனக்கும் புரியல. ஒரு நிச்சயதார்த்தத்துல ஒக்காந்து சாப்பிட்டுக்கினு இருக்காளாம். நம்ம கோயிலுக்குச் சீரியல் லைட்டு போட்ட ஏழுமலை போன் பண்ணாரு. அவர் அக்கா மகனுக்குத்தான் நிச்சயம். பத்திரமா இருக்கா. ஜல்தியா போ."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோஸி அக்கா என்னைத் தூக்கி நிறுத்தி, "எங்க பேர் வச்ச புள்ள சும்மாவா?" என்று சொல்லிவிட்டு, மரியே வாழ்க என்று கத்திக்கொண்டு கூட்டத்தோடு வேளாங்கண்ணியைப் பார்த்து நடந்தார்.

டெல்பின் கோயிலுக்குப் பிள்ளைகளிடம் போனாள். காலையில் பஸ் நிலையத்தில் நான் விட்டுப் போயிருந்த பைக்கில்தான் வருவேன் என்று சிஸ்டர் பவுலின் ஏறிவிட்டார். பின்சீட்டில் ஸ்பேனர் பெட்டி, அதன் மேல் சிஸ்டர். விழுப்புரம் வரைக்கும் சத்தமாகச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். லாரி ஒன்று தாண்டும்போதெல்லாம் குரல் ஏறியது. மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று செபமாலையில் தியானிக்கும் மறையுண்மைகளில், என் காதில் விழுந்த அளவில் எல்லாமே துயர மறையுண்மைதான்.

மண்டப வாசலில் எங்களைப் பார்த்ததும் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, "வாங்க வாங்க, மாப்ள ஊட்டுக்காரங்களா? மொதல்ல சாப்ட்டுடுங்க" என்றார்கள். சிஸ்டர் கற்கண்டும் எடுத்துக்கொண்டார்.

ரோஸி மேடையில் இருந்தாள். மணப்பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி. நெற்றியில் குங்குமம், கையில் பாயசக் கிண்ணம். போட்டோக்காரர் அவளைப் பார்த்து, "பாப்பா, கொஞ்சம் நிமிரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நான் அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் கழுத்தைத் தடவி, அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"காணாம பூட்டியா சகா?" என்றாள்.

"ரோஸி, சொல்லாம எங்கியும் போகக் கூடாதும்மா" என்றார் சிஸ்டர்.

"சொன்னேன். சகா போன்ல பேசிக்கினு இருந்தான்."

நான் அட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏழுமலை எங்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். திண்டிவனம் பஸ் நிலையத்தின் ஓரமாகத்தான் அவர்கள் தனியாகப் பேசிய பஸ் நின்றிருந்தது. வரிசைத் தட்டு எடுத்துப் போகும் பெண்களில் ஓர் ஆள் குறைந்துவிட்டது.

"தட்டு ஒத்தப்படையில வரணும் பாருங்க. எங்க அக்கா பழத்தட்ட வச்சிக்கினு யார்கிட்ட குடுக்கலாம்னு முழிக்கிறாங்க. இந்தப் பொண்ணு பட்டுப்பாவாடையோட வந்து ரெண்டு கையையும் நீட்டுச்சு. குடுத்துட்டாங்க. மாப்ளயோட அப்பா, எங்க மச்சான், அவர் வகையில யாரோ பொண்ணுன்னு நான் நெனச்சேன். மச்சான் எங்க வகையில பொண்ணுன்னு நெனச்சாரு. பஸ்ல மொத சீட்டுல ஒக்காந்து, எங்க அக்கா கையப் புடிச்சிக்கினே வந்துச்சு. பழத்தட்டு ஒரு பழம் ஆடல."

பெண் வீட்டாருக்கோ மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணிடம் குறை வந்துவிடக்கூடாது. காற்று வரவில்லை என்றாள், ஃபேனைத் திருப்பினார்கள். மணப்பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள், பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். முதல் பந்தியில், நடுவில், பெரிய இலை.

"அங்கதாங்க விஷயமே," என்று ஏழுமலை தொடையைத் தட்டினார். "எல்லாரும் சோத்துல கை வச்சாச்சு. இது எழுந்து நின்னுக்கினு, 'எல்லாரும் கைய எடு! செபம்!'ன்னு ஒரு சத்தம். சாம்பார் ஊத்தறவன் அப்டியே நின்னுட்டான். பொண்ணு ஊட்டுக்காரங்க இது எங்க ஊட்டு வழக்கம்னு நெனச்சிக்கினு கைகட்டி நின்னுட்டாங்க. நாங்க அவங்க ஊட்டு வழக்கம் போலன்னு கைய எடுத்துட்டோம்."

அவள் சொன்ன செபத்தை அவர் அப்படியே சொல்லிக் காட்டினார். "சேசப்பா, சோறு குடுத்த, தேங்க்ஸ். அம்மாவுக்குக் கை வலி போவணும். டெல்பின் அக்கா பாஸ் ஆவணும். சகா காணாம பூட்டான். பாவம், ஒண்ணும் தெரியாது. திண்டிவனம் மாதா கோயிலுக்குக் கொண்டாந்து உட்டுடு. ஆமென்."

பந்தி முழுக்க மரியாதைக்கு ஆமென் சொல்லியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஏழுமலைக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு வகையிலும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் கிடையாது. பக்கத்தில் போய், "சகான்னா யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் எங்கள் எல்லோருடைய பெயரையும், பிரியாணியையும் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே ஃபாதருக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்பானவர்களே, நான் பஸ் நிலையத்தில் மண்டியிட்டிருந்த அதே நேரத்தில் அவள் அங்கே எழுந்து நின்றிருக்கிறாள். நான் அவளுக்காக வேண்டினேன். அவள் எனக்காக வேண்டினாள். இரண்டில் எது முதலில் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் செபத்தில் ஊர்ப் பெயர் இருந்தது, கோயில் இருந்தது, ஆளின் பெயர் இருந்தது. என் செபத்தில் அழுகை மட்டும்தான் இருந்தது. ஆண்டவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டார்.

மண்டபத்துக்கு வெளியே வந்து செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அட்டை, போன், தட்டு, பந்தி, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எந்த எடத்துல ஒக்கார வச்சாங்க தம்பி?"

"மொத பந்திக்கா. நடுவுல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்க சொந்தத்துலயே அவள விசேஷத்துக்குக் கூட்டிக்கினு வராதன்னுதான் சொல்லுவாங்க. வந்தாலும் கடசிப் பந்திதான். மொத பந்தியில ஒக்காந்தாளா எம்பொண்ணு?"

"பாயசம் ரெண்டு தடவ வாங்கனாக்கா."

அவர் சிரித்தார். பிறகு, "ஆனா தம்பி, இன்னொரு தபா தொலச்சீங்கன்னா, கரும்பு வெட்டற கத்தியோட வருவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குழு மாறிப்போனது. டி-ஷர்ட்டைப் பைக் துடைக்க எடுத்துக்கொண்டோம். வெளியே போனால் ஒரு பிள்ளைக்கு ஒருவர், கையை விடுவதில்லை, போன் சிஸ்டர் பையில். ஸ்பீக்கர் செட் சண்டை என்ன ஆனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. என் மன்றாட்டும் சுருங்கிவிட்டது. ஃபாதருக்கு இருமல் குணமாகிவிட்டது என்று பங்கில் பேசிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏதோ கொடுக்கப் போகிறோம் என்றுதான் பஸ் ஏறினோம். எங்களுக்காக அங்கே ஒருத்தி பெயர் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை.

தை மாதம் அந்தக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்க ஏழுமலையும் அவர் அக்காவும் விழுப்புரம் விடுதிக்கே போனார்கள். உறையின் மேல் 'ரோஸி மற்றும் குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது. ரோஸி அதைச் சிஸ்டரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, விரலை மடக்கிக் குடும்பத்தாரை எண்ணினாளாம். அம்மா, சிஸ்டர், டெல்பின், சகா. அவளோடு நாங்கள் நால்வரும் போனோம். செல்வி அக்காவை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வாழ்க்கையில் எது கைநழுவிப் போயிருந்தாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அவருக்கு நம் ஊர்ப் பேச்சு நன்றாகப் புரிகிறது. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலையில் நாங்கள் திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ் நிற்கும் இடத்தில் இருப்போம். வாருங்கள், உங்களுக்கும் இடம் போட்டு வைக்கிறோம். போய் இறங்கியதும் ரோஸி உங்கள் பெயரைக் கேட்பாள். தெளிவாகச் சொல்லுங்கள். அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பெயர் மேலே போய்ச் சேர்ந்துவிடும்.